ஆடியில் கெடு, ஓணத்தில் தவணை

தோவாளைப் பூச்சந்தையில் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். ஓணம் நெருங்கும் ஆவணியில் கேரளத்துக்குப் பூ போய்க்கொண்டே இருக்கும். முகூர்த்தம் இல்லாத ஆடியில் கூடை கூடையாகத் தேங்கும். அந்தச் சந்தையில் பூ வாங்கி விற்கும் ஒருவர் 2014-இல் வீடு வாங்க நினைத்தபோது வங்கிப் படி ஏறவில்லை. சம்பளச் சீட்டு கேட்டால் எதைக் காட்டுவார்?

ஊரிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நாலு சென்டும் ஓட்டு வீடும் விலைக்குச் சொன்னார். பாதிப் பணம் கையில், மீதி மூன்று வருடத்தில் என்று பேச்சு முடிந்தது. பூ வியாபாரத்தின் ஏற்ற இறக்கம் தெரிந்த பெரியவர். "மக்களே, ஆடியில நீ ஒண்ணும் தராண்டாம். ஓணம் கழிஞ்சு சேத்துத் தா" என்றார். எந்த வங்கியும் இப்படி ஒரு தவணை அட்டவணை போட்டுத் தராது.

வியாபாரியின் மச்சினன் வேறு வழியில் போனார். குவைத்தில் வேலை, மாதச் சம்பளம். 2016-இல் வங்கிக் கடன் வாங்கி நாகர்கோவில் பக்கம் வீடு கட்டினார். தவணை அவர் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது.

சில வருடங்களில் இரண்டு வீடுகளுமே கைவிட்டுப் போகும் நிலைக்கு வந்தன. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மச்சினனுக்கு 2020-இல் வேலை போயிற்று. கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பு, மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதம். அதை அவர் தள்ளுபடி என்று நினைத்துவிட்டார். வட்டி அந்த ஆறு மாதமும் ஏறியது. வட்டிக்கு வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொன்னது. வட்டியே கூடாது என்று சொல்லவில்லை. ஊர் திரும்பியவருக்கு மறு வேலை அமையவில்லை. தவணை நின்று 90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போனது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு பதிவுத் தபால் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார்.

அவர் செய்த பெரிய தவறு அதுதான். 2002-இல் வந்த சர்ஃபேசி சட்டத்தின்படி, அடமான வீட்டைக் கைப்பற்ற வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் நினைத்த நேரத்தில் வந்து பூட்டவும் முடியாது. முதல் நோட்டீசு 60 நாள் கெடு தரும். அந்தக் கெடுவுக்குள் கடனாளி எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், 15 நாளுக்குள் காரணம் சொல்லி வங்கி பதில் எழுத வேண்டும். ஆட்சேபத்துக்குப் பதில் தரும் இந்தப் பொறுப்பை வலியுறுத்தியது 2004-ஆம் வருட மார்டியா கெமிக்கல்ஸ் தீர்ப்பு. பதில் வராவிட்டால் அதையே பின்னால் ஆட்சேபமாக எழுப்பலாம். கெடு முடிந்தால் சுவரில் உடைமை அறிவிப்பு ஒட்டுவார்கள்; இரண்டு செய்தித்தாள்களில் போடுவார்கள், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்ய மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரின் உதவியை வங்கி நாடலாம். வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகக் கடனாளிக்கு உரிமை உண்டு; குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது மதுரையில்.

இந்தப் படிகளில் மிக முக்கியமானது எது என்று கேட்டால், ஏல அறிவிப்பு வெளியாகும் நாள் என்பேன். 2016-இல் சட்டம் திருத்தப்படும் வரை, விற்பனை நடக்கும் நாள் வரைக்கும் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கலாம். இப்போது ஏல அறிவிப்பு வெளியானதோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஏலத்துக்கு முந்தின நாள் நகையை விற்றுப் பணத்தோடு ஓடினாலும் பயன் இருக்காது என்பது பலருக்கு இன்னும் தெரியாது.

மச்சினனுக்குச் சுவரில் தாள் ஒட்டிய பிறகுதான் உறைத்தது. தெருவே பார்த்தது. நல்லவேளை, ஏல அறிவிப்பு இன்னும் வரவில்லை. வழக்கறிஞர் சொன்னபடி வங்கிக்கு எழுத்தில் அவகாசம் கேட்டார்; குடும்பச் சொத்தில் தன் பங்காக வந்த தென்னந்தோப்பைத் தானே ஆள் பார்த்து விற்றார்; கடனை அடைத்தார். தோப்பு போனதில் அவர் மனைவிக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் நாமே ஆள் தேடி விற்கும் விலை, ஏலத்தில் கிடைப்பதைவிட அநேகமாக எப்போதும் கூடுதல். விற்றுத்தான் தீர வேண்டும் என்றால், முதல் நோட்டீசு வந்த வாரமே விற்கத் தொடங்க வேண்டும்.

இனி பூ வியாபாரி. 2019-இல் ஆசிரியர் காலமானார். அதற்குள் முக்கால்வாசிக்கு மேல் பணம் கொடுத்தாயிற்று. மூன்று வருடக் கெடு முடிந்து, வாய்ப்பேச்சில் நீண்டுகொண்டிருந்தது. பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்ததும் திருவனந்தபுரத்தில் இருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள்: "ஒப்பந்தம் பதிஞ்சிருக்கா அண்ணாச்சி?"

பதியவில்லை. ஒரு முத்திரைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டதோடு சரி. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைக் காட்டி, ‘வீட்டில் நான்தானே குடியிருக்கிறேன்’ என்று உடைமையைக் காத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தப்படி கிரயம் எழுதித் தரக் கோரி வழக்குப் போடுவதற்கும், குறித்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலம். இடத்தின் விலையோ அதற்குள் இரண்டு மடங்காகியிருந்தது. பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. அப்பா கொடுத்த வாக்கு அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வியாபாரியைக் காப்பாற்றியது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு முறை பணம் வாங்கும்போதும் ஆசிரியர் தன் கையாலேயே தேதி, தொகை, பாக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்தைப் பார்த்த மூத்த மகன் இறங்கிவந்தார். ஊர்ப் பெரியவர்கள் பேசி, பேசிய விலைக்கு மேல் மூன்று லட்சம் கொடுத்துக் கிரயம் முடிந்தது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிச்சம் என்று நினைத்துப் பதியாமல் விட்டதற்கு அவர் கொடுத்த விலை அந்த மூன்று லட்சம்.

விற்றவரே தவணைக்கு விடும் முறை அமெரிக்காவில் வேறு விதமாக முடிந்திருக்கிறது. சிகாகோவில் 1950-களிலும் 60-களிலும் கறுப்பினக் குடும்பங்களுக்கு வங்கிகள் வீட்டுக்கடன் மறுத்தன. அவர்கள் விற்பவரிடமே தவணை ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும்; ஒரு தவணை தவறினாலும் கட்டிய பணம் முழுக்கப் போய், வீடு அடுத்த குடும்பத்துக்கு விற்கப்படும். லான்டேல் பகுதி மக்கள் 1968-இல் சங்கம் அமைத்துத் தவணை கட்ட மறுத்துப் போராடித்தான் பல ஒப்பந்தங்களைத் திருத்த வைத்தார்கள். வங்கிகளின் யோக்கியதையும் அங்கே பின்னாளில் வெளிப்பட்டது. ஆவணங்களைப் படிக்காமலேயே கையெழுத்திட்டு வீடுகளைப் பறித்த குற்றச்சாட்டில், ஐந்து பெரிய நிறுவனங்கள் 2012-இல் 49 மாநிலங்களோடு 2,500 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தன.

அரசும் நம்மிடம் தவணைக்கு வீடு விற்றிருக்கிறது. வீட்டு வசதி வாரியத்தின் தவணைமுறை வீடுகளில், முழுப் பணமும் கட்டிய பிறகே கிரயப் பத்திரம். பாக்கி வைத்தவர்களுக்கு அரசு அவ்வப்போது அபராத வட்டியைத் தள்ளுபடி செய்கிறது. கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கக் கடன்களுக்கும் இப்படிச் சலுகை வந்ததுண்டு. அதை நம்பித் தவணையை நிறுத்தி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சலுகைக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. அதற்குள் மொத்தமாகக் கட்டப் பணம் வேண்டும்.

வருமானம் சீராக இல்லாதவர்களுக்கு, தெரிந்த மனிதரிடம் தவணைக்கு வாங்குவதுதான் நல்லது என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் வெறும் ஒப்பந்தத்தில் நிற்கக் கூடாது. முடிந்தால் முதலிலேயே கிரயத்தை உங்கள் பெயருக்குப் பதிந்துவிட்டு, பாக்கித் தொகைக்கு அதே வீட்டை விற்றவருக்கு அடமானமாக எழுதிக் கொடுங்கள். அவர் பணமும் பத்திரமாக இருக்கும். நீங்கள் தவறினால் தனியாருக்குச் சர்ஃபேசி கிடையாது. அவர் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும், அங்கே பணம் கட்ட உங்களுக்கு ஆறு மாதம் வரை கெடு கிடைக்கும். ஆடித் தவணை இல்லை என்று பேசியிருந்தால், அந்த வரியும் பத்திரத்தில் இருக்கட்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்; விற்பவர் ஏற்கெனவே எங்காவது ஒற்றி வைத்திருக்கலாம்.

வங்கியில் வாங்கியவர்களுக்கு இன்னொரு விவரம். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கி தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. மேலாளரிடம் எழுதிக் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள்.

பதியாத ஒப்பந்தத்தோடு தவணை வீட்டில் குடியிருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். விற்றவர் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே அவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.