கயிறு மட்டும் காவல் நிற்காது

ரந்தாவ்,
நெகிரி செம்பிலான்.

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். பகாவ் பக்கம் பால்மரக் காட்டை வெட்டிச் சாய்க்கும் குத்தகையில் உன்னை மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னான். கேட்டு மகிழ்ந்தேன். மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்றெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிக்குப் போய் வந்தவன் நீ. செயின்சா பிடிப்பவர்களும் பழகியவர்கள். நான் எழுதுவது உன் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களைப் பற்றி.

தோட்டம் என்றால் வேலைக்காரர்கள் மட்டும் நடமாடும் இடம் என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தோன்றும். பால்மரத்தை நட்டு, பால் வெட்டி, மறுநடவுக்கு வருவதற்குள் 25, 30 வருடம் ஓடிவிடுகிறது. அந்தக் காலம் முழுக்க நிரைகளுக்கு நடுவே ஆட்கள் நடந்து நடந்து பாதை போட்டிருப்பார்கள். லயத்திலிருந்து கடைக்கு ஒன்று, தமிழ்ப்பள்ளிக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைக்குக் குறுக்கே போக ஒன்று. விறகுக்குப் போகிற கிழவிக்கென்று தனியாக ஒன்று இருக்கும். தோட்டத்து வரைபடத்தில் இவற்றில் பாதி இருக்காது.

அதனால்தான் வெறும் சிவப்பு வெள்ளைக் கயிற்றை நான் நம்புவதில்லை. கயிறு கட்டினால் ஆள் நிற்பான் என்பது வெளியூர்க்காரனுக்குச் சரி. பத்து வருடமாக அந்த வழியே போகிறவன் கயிற்றைத் தூக்கிவிட்டுக் குனிந்து போய்விடுவான். அவன் திமிர் பிடித்தவன் இல்லை. சுற்றிப் போனால் பிள்ளைக்குப் பள்ளி மணி அடித்துவிடும், அவ்வளவுதான். ஒரு பாதையை அடைப்பதற்கு முந்தின நாளே மாற்றுப் பாதையைச் செதுக்கிக் கொடு. புல்லை வெட்டு, கானுக்கு மேலே பலகை போடு, மோட்டார் சைக்கிள் போகிற மாதிரி வை. வழி கொடுத்துவிட்டு வழியை மறித்தால் கேட்பார்கள்.

லயத்தில் இப்போது நம் ஆட்கள் குறைவு. வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியரும்தான் அதிகம். "அவாஸ்" (எச்சரிக்கை) என்று மலாய் மொழியில் மட்டும் பலகை வைத்தால் போதாது. தமிழிலும் வங்காளத்திலும் எழுது. எழுதியதோடு விடாமல், ஒரு மாலை நேரம் வீடு வீடாகப் போய் நாளையும் இடத்தையும் வாயால் சொல். படிக்காத பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

கோயிலை மறந்துவிடாதே. சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபோன குடும்பங்கள், பிறந்த தோட்டத்து மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது வருகிறார்கள். எந்த நிரையில் வெட்டு நடக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கோயில் தலைவரிடம் திருவிழாத் தேதியைக் கேட்டுக்கொள். அன்றைக்கும் அதற்கு முதல்நாளும் அந்தப் பக்கம் வாள் சத்தமே கேட்கக் கூடாது.

சாயும் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வெட்டுகிறவர்களைத் தவிர வேறு யாரும் நிற்கக் கூடாது என்பது பல நாடுகளில் இந்தத் தொழிலின் கணக்கு. முதிர்ந்த பால்மரம் 20 மீட்டருக்கு மேல் நிற்கும். அப்படியானால் 40 மீட்டருக்குக் குறையாமல் காலியாக இருக்க வேண்டும். மேட்டில் வெட்டினால் கீழ்ச்சரிவில் இன்னும் தள்ளி நிறுத்து, துண்டு உருளும். பால்மரம் சடக்கென்று முறிகிற ஜாதி. ஒன்று சாயும்போது அடுத்த மரத்தின் கிளையை ஒடித்து வீசும்.

இந்தத் தூரத்தைக் காப்பது காவலுக்கு நிற்கிற ஆள்தான். வாள் பிடிக்கிறவனுக்குக் காதில் மூடி, தலையில் தொப்பி, கண் மரத்தின்மேல். பின்னால் வந்து கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. விசிலும் கேட்காது. காவலாள் அவன் கண்ணில் படும் இடத்தில் கொடியோடு நிற்க வேண்டும். கொடி உயர்ந்தால் வாள் அணைய வேண்டும். பல இடங்களில் வேலை தெரியாத பொடியனை, நோஞ்சானை இந்த இடத்தில் நிறுத்தி, பாதிக் கூலி கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். என் மனம் ஒப்பாத காரியம் அது. விஷயம் தெரிந்த ஆளை நிறுத்து, முழுக் கூலி கொடு. துரையே வந்தாலும் மறிக்கலாம் என்று எல்லோர் முன்னாலும் அவனிடம் சொல்லி வை. பக்கத்தில் போய்ப் படம் பிடிக்கத் துடிக்கிற கைப்பேசிக்காரர்களையும் அவன்தான் தடுக்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பயமான விஷயம். வெட்டிய மரம் விழாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கும். மணி ஐந்தாகிவிட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டுப் போவார்கள். நம் மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா என்கிற சூறைக்காற்று அடிக்கும். அந்த நேரம்தான் பால்வெட்டுக்காரர்கள் விளக்கோடு புறப்படும் நேரம். தொங்கு மரத்தையும் பாதி அறுத்த மரத்தையும் வைத்துவிட்டு ஒரு நாளும் வீட்டுக்குப் போகாதே. இறக்க முடியவில்லையென்றால் இரவு முழுக்க ஆள் போட்டு வழியை மறி.

சட்டமும் இதையே சொல்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தொழிலாளி அல்லாதவர்களின் பாதுகாப்பையும் முதலாளியின் பொறுப்பில் வைக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம், சிறையும் உண்டு. செலவு கூடுகிறதென்று குத்தகைக்காரர் முணுமுணுத்தால் இந்தக் கணக்கைக் காட்டு.

தோட்டத்துக்கு வெளியேயும் இதே கவனம் வேண்டும். 2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து, காருக்குள் இருந்த ஒருவர் இறந்தார். வயதான மரங்களை அகற்றச் சொல்லிச் சாலையோர வேலைகளும் இனி உங்களுக்கு வரும். அங்கே பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். அனுமதியும் இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்தும் ஆட்களும் இல்லாமல் தொடாதே. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சார நிறுவனமான தெனாகாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏணியே வைக்க வேண்டும்.

முதல் மரம் எப்போது விழுகிறது என்று தெரிந்தால் எழுது. அதற்கு முன் ஒரு ஞாயிறு காலை நான் பகாவுக்கு வருகிறேன். லயத்தில் ஒரு பழைய ஆளையும் கூட்டிக்கொண்டு மூவரும் பாதைகளை நடந்து பார்த்து, வரைபடத்தில் விட்டுப்போனதையெல்லாம் பேனாவால் குறித்துக்கொள்வோம்.

அன்புடன்,
பெரியப்பா