வைஃபை திருடனைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: இரவானால் எங்கள் கடை வைஃபை நத்தையாகிவிடுகிறது. யாராவது திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களா?
- வாசகர், லெம்பா பெர்த்தாம்

பதில்: ரௌட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியிலுள்ள ஸ்டிக்கரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற எண்ணும் நிர்வாகப் பாஸ்வேர்டும் இருக்கும். அதே வைஃபையில் இணைந்த போனின் பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டி, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் நிர்வாகப் பக்கம் திறக்கும். இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் அங்கே உண்டு. அந்நியப் பெயர் தென்பட்டால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளும் கழன்றுவிடும், உங்களுடையதை மட்டும் மறுபடி இணையுங்கள்.

கையோடு நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டோடே கிடந்த லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் வளைத்துப் போட்டது. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவையுங்கள்.

பட்டியலில் அந்நியர் யாருமே இல்லையா? இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்; இரவு, ஊரே இணையத்தில் உட்காரும் நேரம்.