துணிவு என்னும் சொல்லும் இடர் விளையாட்டும்

தன்னுயிரைக் காத்துக்கொள்ளுதல் எல்லா உயிர்க்கும் இயல்பு. அவ்வியல்புக்கு மாறாக, பசி தீர்த்தற்பொருட்டுமன்றிப் பொருளீட்டற்பொருட்டுமன்றி, மாந்தர் சிலர் உயிரைப் பணயமாக வைத்து மலையுச்சிகளில் ஏறுகின்றனர், கடலை நீந்திக் கடக்கின்றனர், வானூர்தியினின்று குதிக்கின்றனர். இஃது ஏன்? இவ்வினா மஸ்கெலியாவில் வாழும் நமக்கு மற்றையோரினும் சற்று வலிதாகவே எழுதல் வேண்டும். ஏனெனில், இடரைத் தேடிச் செல்லும் தேவை நம்மவர்க்கு இருந்ததில்லை. அது நம்மைத் தேடி வருவது. செங்குத்தான மலையிலே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி நிற்கும் பெண்ணுக்கு வழுக்குப் பாறையும், அட்டையும், செடிக்குள் கூடுகட்டிய குளவியும் நாடோறும் உள்ளவை. அடைமழை இரவுகளில் லயத்தின் பின்புறத்து மண்மேடு சரியுமோ என்று கண்விழித்திருப்போர் எத்தனை பேர்!

அங்ஙனமாக, நம் மஸ்கெலியா ஓயா கெஹெல்கமு ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிக் கித்துல்கலையிற் பாறைகளின்மீது மோதிச் சுழித்தோடும் இடத்திலே, காற்றடைத்த றப்பர்ப் படகில் ஏறி அச்சுழிகளாற் தூக்கியெறியப்படுதற்கென்றே பலர் பணங்கொடுத்து வருகின்றனர். ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்ற பெயரால் 1957இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் எடுக்கப்பெற்ற இடமும் அதுவே என்பதை நம் மூத்த பழைய மாணவர் நினைவுகூர்வர். மேலே மவுசாக்கலையில் தேங்கி மின்சாரமாகும் நீரே கீழே விளையாட்டுக்கும் ஆகின்றது. இதனைக் கேட்டால் நம் முதியோர் “பைத்தியம்” என ஒரு சொல்லில் தீர்ப்பளித்துவிடுவர். தீர்ப்பு விரைவானதே, ஆயினும் வினாவுக்கு அது விடையாகாது.

உளநூலார் தரும் விடைகளை முதலிற் காண்போம். மைக்கேல் பாலின்ற் என்னும் உளமருத்துவர் 1959இல் வெளியிட்ட நூலொன்றில், இத்தகைய கிளர்ச்சியில் மூன்று கூறுகள் உள்ளன என்றார். வெளியேயுள்ள உண்மையான ஆபத்தினால் எழும் அச்சம் ஒன்று. அவ்வச்சத்துக்கு விரும்பித் தன்னை உட்படுத்தல் மற்றொன்று. எல்லாம் நலமாய் முடியும் என்ற நம்பிக்கை மூன்றாவது. அமெரிக்கரான மார்வின் சுக்கர்மன் 1964 முதலாகப் புலக்கிளர்ச்சியை நாடும் இயல்பை அளத்தற்கு அளவுகோல் ஒன்றை வகுத்து, அவ்வியல்பு ஆளுக்காள் வேறுபடும் எனக் காட்டினார். ஒரே வகை வாழ்வில் விரைவிற் சலிப்படைவோர் அவ்வளவுகோலில் உயர்ந்து நிற்பர். ஆபத்தின்போது உடலில் அட்ரினலின் சுரத்தலும், இதயத்துடிப்பு மிகுதலும், இடர் நீங்கியபின் இன்பம் பெருகுதலும் இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்திகள். இவையெல்லாம் மெய்யே. ஆனால் அட்ரினலின் குளவிக்கு அஞ்சி ஓடுபவளுக்கும் சுரக்கின்றது. அவள் அதனை விளையாட்டென்று கொள்வதில்லை. ஆகவே உடற்கூற்று விளக்கம் மட்டும் போதாது என்பது தெளிவு.

தமிழாசிரியர் என்ற முறையில் நாம் சொல்லினின்று தொடங்க விரும்புகின்றோம். இந்நாளில் இத்தகைய செயல்களைச் ‘சாகசம்’ என்று வழங்குகின்றனர். அது வடசொல், வடமொழி அறநூல்களிலே ‘சாஹஸம்’ என்பது வன்முறையாற் செய்யும் குற்றங்களைக் குறித்தது. பின்னரே அதற்குப் பெருமைப் பொருள் மிகுந்தது. தமிழ்ச்சொல்லாகிய ‘துணிவு’ வேறொரு வழியில் வந்தது. துணிதல் என்பதற்கு அறுபடுதல் என்பது ஒரு பொருள்; ஆடையைத் துணி என்பதும் துண்டித்ததைத் துணி என்பதும் இதனாலேயே. ஐயமற முடிவு செய்தல் என்பது பிறிதொரு பொருள். நெஞ்சில் இருபக்கமும் இழுத்துக்கொண்டிருந்த ஐயம் அறுபட்டு நிற்கும் நிலையே துணிவு என்க. இச்சொல்லில் ஆபத்து இல்லை; அச்சமின்மைகூட இல்லை; முடிவு செய்தல்தான் உள்ளது. இடர் விளையாட்டில் மாந்தரை ஈர்ப்பது இடரன்று, இந்த முடிவு செய்யும் உரிமையே என்பது நம் கருத்து.

இதற்கு அயல்நாட்டாராய்ச்சி ஒன்றும் துணைநிற்கின்றது. சோன்சி ஸ்டார் என்னும் பொறியியலறிஞர் 1969இல் எழுதிய கட்டுரையொன்றிலே, தாமே விரும்பி ஏற்கும் இடராயின், பிறரால் தம்மேற் சுமத்தப்படும் இடரைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கினை மக்கள் பொறுத்துக்கொள்வர் எனக் கணக்கிட்டுக் கூறினார். அந்த எண்ணைப் பின்வந்தோர் ஐயுற்றனர். எனினும் விரும்பி ஏற்றலுக்கும் சுமத்தப்படுதற்கும் இடையே பெரிய வேற்றுமை உண்டென்பதை எவரும் மறுத்திலர். தோட்டத்துப் பெண்ணிடம் வீரம் இல்லையென்பதன்று. அவள் எந்த மலையில், எந்த மழையில் நிற்கவேண்டும் என்பதைத் துணிபவர் பிறராயினர். காலையிற் பேர் பதிவதும், மாலையில் இத்தனை கிலோக் கொழுந்து என்பதும் பிறர் வகுத்த அளவுகளே. அத்தகைய இல்லத்தில் வளரும் இளைஞன் ஒருவன், அளவைத் தானே வகுக்கும் செயலொன்றை விரும்புவானாயின் அதனைப் பைத்தியம் எனல் பொருந்துமா?

நமக்கு எதிரே நிற்கும் சிவனொளிபாத மலையையே நோக்குக. 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு நல்லதண்ணி வழியாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை இரவிரவாக மக்கள் ஏறுகின்றனர். இன்று விளக்கும் தேநீர்க் கடைகளும் உண்டு. 1344இல் இலங்கைக்கு வந்து இம்மலையேறிய அரபுப் பயணி இபன் பதூதா பாறையிற் பிணித்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறவேண்டியிருந்ததை எழுதிவைத்துள்ளார். எழுபது அகவை கடந்த பாட்டியர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுதலை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். “ஏன் ஆச்சி இந்தப் பாடு?” என்றால், “நேர்ச்சை தம்பி” என்பார். வற்புறுத்தினார் எவருமில்லை. உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை முறை மலையேறினாரோ அத்தனை முறை அதனை அடித்தல் வழக்கம். முதன்முறை ஏறியவன் ஓரடி அடித்து நாணத்தோடு விலக, முதியவர் ஒருவர் எண்ணி எண்ணி இருபதைத் தாண்டி அடிப்பார். பத்தியின் உச்சியிலும் இக்கணக்கு இருத்தல் கவனிக்கத்தக்கது. இறைவன் அக்கணக்கைக் கேட்டனனோ அறியோம். ஏறியவர் சொல்ல விரும்புகின்றார்.

இனி, இப்பொருள் பற்றிப் பேசும் ஈழத்துத் தமிழர் எவரும் விட்டுச்செல்ல இயலாத ஒருவரைக் கூறவேண்டும். 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து அத்துறையில் முன்னோடியானார். வங்கத்து மிகிர் சென் 1966இல் தலைமன்னாரினின்று தனுஷ்கோடிக்கு நீந்தினார். 1943இற் பிறந்த வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தனோ ஒருவழி கடத்தலோடு அமைந்திலர். 1971இல் வல்வெட்டித்துறையினின்று கோடிக்கரைக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் வல்வெட்டித்துறைக்கே நீந்தி வந்தார். 51 மணிநேரம் அவர் நீரிலிருந்தார். இரண்டு பகல், இரண்டு இரவு. நீரோட்டமும் சொறிமீனும் கடற்பாம்பும் உள்ள கடல். ‘ஆழிக்குமரன்’ என்று மக்கள் அவரை அழைத்தது மிகையன்று.

ஆனால் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவன அவருடைய பிற செயல்களே. 1979இற் கொழும்பு விகாரமாதேவிப் பூங்காவில் 187 மணிநேரத்துக்கு மேல் இடைவிடாது சைக்கிளோட்டினார். 1980இல் ஒற்றைக்காலில் 33 மணிநேரம் நின்றார். ஒற்றைக்காலில் நிற்பதில் உயிருக்கு என்ன ஆபத்து? விழுந்தால் முழங்கால் சிராயும், அவ்வளவே. அபாயத்தின் மயக்கத்தினாலேயே அவர் கடலில் இறங்கினார் எனின், அதே மனிதர் ஏன் ஒரு மேடையில் ஒற்றைக்காலில் நின்றார் என்பதற்கு விடை கிடையாது. அவர் தேடியது எல்லையை. “உடம்பே, எவ்வளவு தாங்குவாய்?” என்ற வினாவே கடலிலும் மேடையிலும் அவர் எழுப்பியது. சில எல்லைகளின் அருகில் ஆபத்து நிற்கின்றது. சிலவற்றின் அருகில் நிற்பதில்லை.

1984 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிர்நீத்தார். அகவை நாற்பத்தொன்று. அக்கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீற்றர் அகலமே உடையது. தூரத்தை மட்டும் எண்ணினால் 51 மணிநேரம் நீந்தியவர்க்கு அஃது எம்மாத்திரம் எனத் தோன்றும். ஆனால் அங்குள்ள பகைவன் குளிர். காற்றினும் இருபது மடங்குக்கு மேல் விரைவாக நீர் உடற்சூட்டைக் கவரும். பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பில் வளர்ந்த உடலுக்கு வடகடல் புதிய வினாத்தாள். அவர் செய்தது தகுமா என்று நம்மைக் கேட்போர் உளர். எல்லையைத் தேடியவர் எல்லையைத் தொட்டார் எனப் புகழ்ந்து கடத்தல் எளிது. பின்னே நின்ற குடும்பத்தாரை நினைத்தால் அப்புகழ்ச்சி நாவில் எழவில்லை. இடரைத் துணிபவன் ஒருவன். இழப்பைச் சுமப்போர் பலர். துணியும் உரிமை அவனுக்குண்டு எனக் கூறிய நாமே இதனையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

திரும்பி வருதலும் துணிவே. 2016 மே 21ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்து, அதனை எட்டிய முதல் இலங்கையர் என்ற பெயரை ஜயந்தி குரு உதும்பால பெற்றார். அவரோடு சென்ற ஜொஹான் பீரிஸ் உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே, ஒட்சிசன் குறைபாட்டால் இறங்கிவிட்டார். ஈராண்டு கழித்து 2018இல் மீண்டும் சென்று உச்சியை அடைந்தார். அன்று அவர் இறங்கியமையாலன்றோ இரண்டாம் பயணம் வாய்த்தது! குறளும் அச்சத்தை முற்றப் பழித்ததில்லை. அறிவின் உறுப்பாகவே அதனை ஓரிடத்தில் வைத்துள்ளது.

நம் மலைநாட்டு இரயிலிலே வாயிற்படியில் ஒரு கையாற் தொங்கி மறுகையாற் கைத்தொலைபேசியில் படம் பிடிப்போரை இவ்வரிசையில் வைக்க நம் மனம் ஒப்பவில்லை. அங்கே பயிற்சி இல்லை, அளவறிதல் இல்லை. காண்போர் கண்ணே எல்லாம். ஆனந்தனையும் கூட்டம் சூழ்ந்து பார்த்தது உண்மை. ஆயினும் நடுக்கடலின் நள்ளிரவிற் கைதட்டுவோர் மிகச் சிலர்; ஆண்டாண்டாகச் செய்த பயிற்சியே அங்கு துணை.

பயிற்சி என்றதும் நம் ஊரின் நிலை நினைவுக்கு வருகின்றது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையிலே நம் பிள்ளைகள் வளர்கின்றனர்; பழைய மஸ்கெலியா நகரே அந்நீரடியில் கிடக்கின்றது. வறட்சியில் நீர் வற்றிப் பழைய கோயில் வெளிப்படும்போது அதனைப் பார்க்கச் சேற்றிலும் நீரிலும் இறங்காத சிறுவன் இல்லை. இறங்காதே என்று நாம் ஒவ்வோராண்டும் கூறுகின்றோம். அவர்களும் ஒவ்வோராண்டும் இறங்குகின்றனர். ஆனால் அவர்களுள் முறையாக நீந்தக் கற்றோரைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். மலைநாட்டுப் பாடசாலைகளில் நீச்சற் குளம் காண்டல் அரிது. இவ்விழாவை ஒட்டிப் பழைய மாணவர் சங்கத்தார் மண்டபம் எழுப்புவதா, நுழைவாயில் அமைப்பதா என ஆலோசித்து வருகின்றனர். பயிற்சி பெற்ற நீச்சலாசிரியர் ஒருவரை ஆண்டில் இரு மாதமேனும் வரவழைத்து, காப்புச் சட்டைகள் சிலவும் கயிறும் வாங்கி, ஆழமற்ற இடமொன்றில் எட்டாம் வகுப்பிலிருந்தே கற்பிக்க வழி செய்யும் செலவையும் அவ்வாலோசனையிற் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். மண்டபம் ஓராண்டு தாமதமாக எழலாம்.