வாய்க்கால் பணிகளுக்கு ஒரு பொதுப் பட்டியல்

காவிரிப் பாசனப் பகுதியில் வாழும் நமக்கு ஜூன் 12 என்பது மறக்கவொண்ணாத நாள். 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையிலிருந்து, நீர் இருப்பு இடம் தரும் ஆண்டுகளில், அந்நாளில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் மே 24ஆம் நாளிலேயே அணை திறக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டிலோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. நாள் முன்பின்னாகலாம்; ஆனால் தண்ணீர் வருமுன் வாய்க்கால் தயாராக இருக்க வேண்டும் என்பது மாறாத விதி.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரியும் நீர், எண்ணிறந்த கிளை வாய்க்கால்கள் வழியே வயலை அடைகின்றது. இவற்றுள் ஆறுகளையும் பெரிய வாய்க்கால்களையும் நீர்வளத் துறை தூர்வாருகிறது. சிறு வாய்க்கால்களில் வேளாண்மைப் பொறியியல் துறை பணி செய்கிறது. ஊராட்சிக்குரிய குளங்களும் அவற்றின் வரத்து வாய்க்கால்களும் ஊரக வளர்ச்சித் துறை வாயிலாகச் சீர்செய்யப்படுகின்றன. ஆனால் தண்ணீருக்கு இத்துறைப் பிரிவுகள் தெரியா. எந்தத் துறையின் எல்லையில் வெங்காயத் தாமரை அடைத்திருந்தாலும், அதற்குக் கீழேயுள்ள நாற்றங்கால் காயத்தான் செய்யும். ஆகவே, யார் எந்த வேலையை எதுவரை முடித்திருக்கிறார் என்பது அனைவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. அதற்கான வழியையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஏட்டிலிருந்து கணினிக்கு

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு, வட்டார அலுவலகங்களில் பணிப் பதிவேடுகள் தடித்த நோட்டுகளில் எழுதப்பட்டு வந்தன. பின்னர்க் கணினி வந்தது. வரிசையும் பத்தியுமாகக் கட்டமிட்டுக் கணக்குப் போடும் விரிதாள் என்னும் மென்பொருள், 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விசிகால்க் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று எக்செல் என்ற பெயரை அறியாத அலுவலகம் இல்லை. கூட்டல் பிழை நீங்கியது. நொடியில் பட்டியலை ஊர்வாரியாகப் பிரிக்க முடிந்தது. இவை பெரும் நன்மைகளே.

எனினும், இதனால் ஒரு புதிய தொல்லையும் விளைந்தது. பழைய நோட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கணினிக் கோப்போ மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் செல்லச் செல்லப் பல பிரதிகளாகப் பெருகுகின்றது. திங்கட்கிழமை அனுப்பிய பட்டியலைப் பொறியாளர் தம் கணினியில் திருத்துகிறார்; அதே பட்டியலை ஊராட்சிச் செயலர் தம் பிரதியில் திருத்துகிறார். வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் இரண்டும் இருவேறு கணக்கைக் காட்டுகின்றன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு வாய்க்கால் 2,400 மீட்டர் நீளம் எனக் கொள்வோம். தலைப்பிலிருந்து 1,600 மீட்டர் ஒரு துறையின் பட்டியலில் உள்ளது. வேலை முடிந்ததும் அப்பட்டியலில் ‘முடிந்தது’ என்று எழுதப்படுகிறது. மீதி 800 மீட்டரை மற்றொரு துறை எடுத்துக்கொண்டதாக முதல் துறை எண்ணுகிறது. வாய்க்கால் முழுவதும் முதல் துறையுடையது என மற்றத் துறை எண்ணுகிறது. இரு பட்டியல்களிலும் பாக்கி ஏதுமில்லை. ஆனால் மண்வெட்டி படாத அந்த 800 மீட்டரும் கடைமடையிலன்றோ இருக்கிறது! தண்ணீர் வந்த பிறகே இவ்வுண்மை வெளிப்படும். அப்போது குறுவைக்கு நாற்று விட்ட உழவர் யாரிடம் முறையிடுவார்?

பொதுப் பட்டியல் என்றால் என்ன?

இத்தொல்லைக்கு மருந்து, பட்டியலை அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஓரிடத்தில் வைத்து அனைவரும் அங்கேயே எழுதுவதாகும். இணையத்தில் இருக்கும் விரிதாளைப் பலர் ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம். 2006ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் இத்தகைய வசதியை வெளியிட்டது. இன்று வேறு பல நிறுவனங்களும் அளிக்கின்றன. இதன் சிறப்புகள் மூன்று. முதலாவது, ஒருவர் எழுதியதை மற்றவர் உடனே காண்கிறார். இரண்டாவது, யார் எப்போது எதை மாற்றினார் என்பது பதிவாகிறது. தவறாக அழிந்ததை மீட்கவும் முடிகிறது. மூன்றாவது, இன்னார் எழுதலாம், இன்னார் பார்க்க மட்டும் செய்யலாம் என உரிமையை வரையறுக்க இயலும்.

நம் ஊராட்சிகளுக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மத்திய அரசு இ-கிராம் ஸ்வராஜ் இணையத்தளத்தைத் தொடங்கியது. அதற்கு முன்னர், திட்டம் தீட்ட பிளான்பிளஸ், பணி முன்னேற்றத்துக்கு ஆக்‌ஷன்சாஃப்ட், கணக்குக்கு பிரியாசாஃப்ட் என மென்பொருள்கள் தனித்தனியே இயங்கின. அவை ஒரே வாயிலின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. தம் ஊராட்சியின் திட்டத்தை எவரும் அதில் பார்வையிடலாம். எனினும் அது ஊராட்சித் திட்டத்தையும் செலவையும் பற்றியது. பல துறைகள் கைகோத்துச் செய்யும் வாய்க்கால் பணியின் அன்றாட நிலையை அறிய, வட்டார அளவில் ஒரு பொதுப் பட்டியல் தேவைப்படுகிறது.

செய்முறை

1. பட்டியலைத் துறைவாரியாக எழுதாமல் வாய்க்கால்வாரியாக எழுதுக. ஒவ்வொரு வாய்க்காலும் தலைப்பு முதல் கடைமடை வரை முழு நீளமும் இடம்பெற வேண்டும். எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை யார் பொறுப்பு என்பதை அடுத்தடுத்த வரிகளில் குறிக்கவும். பொறுப்பாளர் இல்லாத நீளம் இருப்பின், அவ்விடம் வெற்றாகத் தெரியட்டும். மேலே கூறிய 800 மீட்டர் அப்போது மறைய முடியாது.

2. ‘நடைபெறுகிறது’, ‘ஏறக்குறைய முடிந்தது’ போன்ற சொற்களைத் தவிர்க்கவும். அளவிட்ட நாள், முடிந்த நீளம், மீதி நீளம் என்ற எண்களே போதும். மீதி சுழியம் ஆனாலன்றி ‘முடிந்தது’ என எழுதலாகாது.

3. அளந்தவரே எழுத வேண்டும். அன்றைக்கே எழுத வேண்டும். கைபேசிக்குச் சமிக்ஞை கிட்டாத வயல்வெளியில், சட்டைப்பையிலுள்ள குறிப்பேட்டில் எழுதி, மாலையில் பதிவிடலாம்.

4. ஒருவர் பகுதியை மற்றவர் திருத்த வேண்டா. ஐயம் எழுந்தால் அருகில் கருத்தாகக் குறிப்பிடலாம்.

5. பழைய கோப்பைச் சில வாரங்கள் உடன் வைத்து ஒப்பிட்டபின், ஒரு நாளைக் குறித்து மூடிவிடுக. இரண்டையும் என்றென்றும் நடத்தினால், பழைய குழப்பம் இரு மடங்காகும்.

கவனிக்க வேண்டியவை

பொதுப் பட்டியல் பணியைப் பின்தொடர்வதற்கான கருவி; பணம் வழங்குவதற்கான ஆதாரம் அன்று. அதற்கு முறைப்படியான அளவுப் புத்தகமே சான்று. பட்டியல் அலுவலகக் கணக்கில் இருத்தல் நலம். ஒருவர் தம் சொந்தக் கணக்கில் தொடங்கினால், அவர் மாறுதலாகிச் செல்லும்போது பட்டியலும் அவருடன் சென்றுவிடக்கூடும். பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை இதில் எழுதவே கூடாது. கடவுச்சொல்லை அலுவலகம் முழுவதும் பகிர்ந்துகொண்டால், யார் எழுதினார் என்னும் பதிவு பயனற்றதாகிவிடும். வாரந்தோறும் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துதலும் அவசியம்.

கிராம சபையின் பங்கு

அலுவலர்கள் தமக்குள் மட்டும் பார்த்துக்கொள்ளும் பட்டியலால் பயன் பாதியே. தலைப்பில் நிறைந்து கடைமடைக்கு எட்டாத வாய்க்காலுக்கு அதனை ஒப்பிடலாம். கைபேசி வைத்திராத உழவரும் நம்மிடையே பலர் உள்ளனர். ஆகவே, வாரம் ஒருமுறை ஊராட்சிக்குரிய பக்கத்தை அச்சிட்டு, ஊராட்சி அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டுதல் வேண்டும்.

2022ஆம் ஆண்டு அறிவிப்பின்படி கிராம சபை கூடுவதற்குரிய ஆறு நாட்களில் மே 1ஆம் நாளும் ஒன்று. அதிலிருந்து ஜூன் 12க்கு இடையே 42 நாட்களே உள்ளன. அச்சபையில் பட்டியல் உரக்கப் படிக்கப்படட்டும். கடைமடையில் நிலமுடைய உழவர் எழுந்து, “எங்கள் மதகுக்குக் கீழே இன்னும் வேலை நடக்கவில்லை” என்று கூறினால், அச்சொல் அங்கேயே பட்டியலில் ஏறட்டும். வாய்க்காலின் நிலையை நாள்தோறும் கண்ணாற் காண்பவர் அவர். அலுவலகக் கணினியைவிட அவர் சொல்லுக்கு மதிப்பு மிகுதி.

42 நாட்கள் நீண்ட காலமன்று. எனினும் பொறுப்பாளர் எவரும் குறிக்கப்படாத 800 மீட்டரை இனங்கண்டு தூர்வார அவை போதும். ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டுக்குரிய வாய்க்கால்களைப் பட்டியலுடன் ஒப்பிட்டு நேரில் சென்று பார்ப்பார்களாக. இவ்வொத்துழைப்பு வாய்க்குமாயின், மேட்டூரில் திறக்கும் நீர் தங்கு தடையின்றிக் கடைமடை வயலையும் சென்றடையும் என்பது திண்ணம்.