மணலும் குளோரினும்

ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் அளவின்றிக் கிடக்கும் மணலை மக்கள் எளிய பொருளாகவே கருதுவர். ஆயினும், கணிப்பொறிக்கு உயிர்நிலையாய் விளங்கும் சிலிக்கன் என்னும் தனிமம், வெண்மணலிலும் படிகக் கல்லிலும் ஆக்சிஜனுடன் பிணைந்து மறைந்திருக்கின்றது.

படிகக் கல்லைக் கரியுடன் சேர்த்து மின்னுலையில் காய்ச்சினால், கரி ஆக்சிஜனைக் கவர்ந்து செல்லும். சிலிக்கன் தனித்து நிற்கும். ஆனால், அதில் இரும்பு, அலுமினியம் முதலிய மாசுகள் நூற்றுக்கு ஒரு பங்களவு எஞ்சியிருக்கும். மின்னணுக் கருவிகளுக்கோ நூறு கோடியில் ஒரு பங்கு மாசும் மிகையாகும். பொன்னைப் புடமிடுதல் போலச் சிலிக்கனை நெருப்பிலிட்டு இத்தகைய தூய்மையை எய்துதல் இயலாது. பின்னர் அதனைத் தூய்மையாக்குவது எங்ஙனம்?

இங்கே துணைக்கு வருவது குளோரின். சிலிக்கனும் குளோரினும் கூடிய சிலிக்கன் டெட்ராகுளோரைடை, 1823-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் முதன்முதல் ஆக்கினார். கல்லினும் கடிய சிலிக்கன் குளோரினுடன் கூடியவுடன் நிறமற்ற திரவமாகி, ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே கொதிக்கின்றது. சூடான சிலிக்கன் தூளின்மீது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தினால் டிரைகுளோரோசிலேன் என்னும் மற்றொரு திரவம் உண்டாகும். அது கொதிப்பதற்கு 32 டிகிரியே போதும். கோடைப் பகலின் வெம்மையே அதற்கு மிகுதி.

திரவமாயின் காய்ச்சி வடிக்கலாம் அன்றோ? இரும்பின் குளோரைடு எளிதில் ஆவியாகாமல் அடியில் தங்கும். போரானின் குளோரைடு முன்னரே ஆவியாகி நீங்கும். இவ்வாறு பன்முறை வடித்த டிரைகுளோரோசிலேனை ஹைட்ரஜனுடன் கலந்து, ஏறத்தாழ 1100 டிகிரி வெப்பமுள்ள மெல்லிய சிலிக்கன் தண்டுகளின்மீது செலுத்துவர். தூய சிலிக்கன் தண்டின்மேல் படிந்து வளரும். குளோரின் பிரிந்து செல்லும். 1950-களில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தார் வகுத்த முறை இதுவே.

இவ்வினையில் சிலிக்கன் டெட்ராகுளோரைடும் மிகுதியாக உண்டாகும். அது ஈரம் பட்டவுடன் புகைந்து, ஒரு பகுதி மணற்பொருளாகவும் மறுபகுதி கடிய அமிலமாகவும் மாறும். அதனை நிலத்தில் கொட்டினால் மண் பாழாகும். மூச்சுக்கும் கேடு விளையும். ஆதலின் நல்ல ஆலைகளில் அதனை ஹைட்ரஜனுடன் சேர்த்து மீண்டும் டிரைகுளோரோசிலேன் ஆக்குவர். ஆக்சிஜனுடன் எரித்தால் அதுவே தூய கண்ணாடியாகி, கடல் கடந்து செய்தி கொண்டு செல்லும் ஒளியிழையாகவும் உருப்பெறும்.

ஒரு பொருளைத் தூய்மையாக்கும் முயற்சியில் நிலமும் நீரும் மாசுறுமாயின், அத்தூய்மையால் விளையும் பயன் யாது? வேண்டுவதைப் பிரித்தெடுத்தல் அறிவியலின் ஒரு பாதி; பிரிந்ததை வீணாக்காது பேணுதல் அதன் மறு பாதி.