துரை எழுதியதும் அப்பத்தா சொன்னதும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் கோயில் குளத்தை அடுத்த தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அவர்களின் முன்னோர் போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலையேறி, மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எண்பது வயதைக் கடந்த அப்பத்தா, தம் பாட்டனார் வேட்டைக்குச் சென்ற துரைக்கு மூட்டை சுமந்த கதையைப் பேத்தியிடம் அடிக்கடி கூறுவார். அக்கதையில் வரும் புலி, சொல்லுந்தோறும் ஒரு முழம் வளரும்.

கதை உண்மைதானா என அறியப் பேத்தி விரும்பினாள். ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேயர் ஆனைமலை, பழனிமலை, நீலகிரி ஆகியவற்றில் வேட்டையாடியவர். அவருடைய குறிப்புகள் 1892இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. தந்தையின் துணையுடன் அதனைப் படித்தபோது, 'ஐபெக்ஸ்' என்னும் விலங்கின் பெயர் பலமுறை வந்தது. அவ்விலங்கின் படத்தைத் தேடியெடுத்து அப்பத்தாவிடம் காட்டினாள்.

"இது வரையாடுல்ல, தாயி!"

வரை என்பது மலை. மலையில் வாழும் ஆடு வரையாடு. ஐபெக்ஸ் ஆல்ப்ஸ், இமயம் போன்ற மலைகளில் வாழும் வேறு விலங்கு. வேட்டைக்காரர்கள் தாம் அறிந்த பெயரையே இதற்கும் சூட்டிவிட்டனர். பள்ளிக்கே செல்லாத அப்பத்தாவின் சொல்தான் சரியானது.

ஆனால், அப்பத்தாவின் கதையில் ஆண்டுக் கணக்கு இல்லை. "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல ரயிலே போச்சு" என்பார். மூணாற்றில் ஏது ரயில் என்று பேத்தி நகைத்தாள். தொண்ணூற்றொன்பது என்பது கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு ரயில் அவ்வாண்டு வெள்ளத்தில் அழிந்தது உண்மையே.

ஹாமில்டன் வேட்டையாடிய காலம் 1844 முதல் 1870 வரை. அப்போது பாட்டனார் பிறந்தே இருக்கமாட்டார். எனவே கதையில் வரும் துரை வேறொருவர். தோட்டத்துத் துரையாக இருக்கலாம். 1978இல் தேசியப் பூங்காவாகி, வரையாடுகளைக் காத்துவரும் இரவிகுளம், முன்பு தோட்டத் துரைமாரின் வேட்டைக்காடாக இருந்தது.

வேட்டை நூல்களில் துப்பாக்கிக்குக் கிடைத்த இடம், அதைச் சுமந்தவருக்குக் கிடைப்பதில்லை. பாட்டனாருடன் மலையேறிய நால்வரின் பெயர்களை அப்பத்தா அறிவார். பேத்தி குறிப்பேட்டுடன் அமர்ந்தாள். மூன்று பெயர்களைச் சொன்ன அப்பத்தா, நான்காவதை நினைத்து நெடுநேரம் குளத்தைப் பார்த்திருந்தார்.

"நாளைக்குச் சொல்றேன் தாயி. எடம் விட்டு வையி."

செயல்பாடு: உங்கள் குடும்பம் ஊர்விட்டு ஊர் வந்த கதையை வீட்டு முதியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொற்களிலேயே பத்து வரி எழுதுக. அதில் வரும் ஓர் ஆண்டையோ இடத்தையோ நூல் ஒன்றில் சரிபார்க்க.