பத்தியமும் மருந்தும்

மருந்து என்றால் பத்தியமும் உண்டு என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. மருந்தைக் கொடுக்கும்போதே எதை உண்ணலாம், எதை விலக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுவார்கள். இன்று மாத்திரை கைக்கு வந்தது, பத்தியம் மறந்துபோயிற்று. கல்லீரலில் கொழுப்புத் தேங்கும் நோயை ஆராய்ந்தால், இரண்டும் ஏன் சேரவேண்டும் என்பது விளங்கும்.

கல்லீரல் ஏறக்குறைய 1½ கிலோ எடையுள்ள உறுப்பு. அதன் உயிரணுக்களில் 100க்கு 5க்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தேங்கினால் அது நோய் எனப்படும். மது அருந்தாதவர்க்கும் இது வருகிறது. தொடக்கத்தில் வலி தெரிவதில்லை. சிலருக்கு நாளடைவில் அழற்சியும் தழும்பும் உண்டாகிக் கல்லீரல் இறுகிச் சுருங்கிவிடுகிறது.

இக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? எண்ணெய்ப் பலகாரத்திலிருந்து என்று நினைக்கிறோம். 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு வேறு கணக்குச் சொல்லிற்று. நோயாளிகளின் கல்லீரற் கொழுப்பில் 100க்கு 59 பங்கு, உடலில் சேர்ந்த கொழுப்புக் கரைந்து இரத்தத்தின் வழியே வந்தது. 26 பங்கு, சர்க்கரை முதலியவற்றிலிருந்து கல்லீரலே ஆக்கிக்கொண்டது. உண்ட கொழுப்பிலிருந்து வந்தது 15 பங்கே. ஆதலால் எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டுச் சோற்றைக் குவிப்பதாலும் இனிப்புப் பானங்களைப் பருகுவதாலும் பயனில்லை.

பத்தியத்தின் வலிமை என்ன? கியூபா நாட்டில் அழற்சி கண்ட 293 பேரை 52 வாரம் உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் வைத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு அழற்சி நீங்கிற்று. ஆனால் அவ்வளவு குறைத்தவர்கள் பத்தில் ஒருவரே!

இங்கேதான் மருந்து துணைக்கு வருகிறது. ரெஸ்மெடிரம் என்னும் மருந்து 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரலில் கொழுப்பு எரிவதை இது மிகுவிக்கிறது. 966 பேரிடம் நடந்த சோதனையில், இதை மிகுந்த அளவில் உண்டவர்களுள் 100க்கு 30 பேருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களுள் 10 பேருக்கும் அழற்சி நீங்கிற்று. 2025 ஆகஸ்டில் அனுமதி பெற்ற செமாகுளூடைட் ஊசியோ பசியைத் தணித்து எடையைக் குறைக்கிறது. இரண்டும் தழும்பு கண்டவர்களுக்கே உரியன; உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்தே கொள்ளவேண்டும் என்பது அனுமதியிலேயே உள்ள நிபந்தனை. தொடக்க நிலையிலோ பத்தியமும் நடையுமே முதன்மையான மருந்து.

இதை வரவு செலவுக் கணக்காகக் கொள்ளலாம். பத்தியம் கொழுப்பின் வரவைக் குறைக்கிறது. ரெஸ்மெடிரம் போன்ற மருந்து செலவை மிகுவிக்கிறது. வரவு குறையாமல் செலவை மட்டும் பெருக்கினால் இருப்பு எப்படிக் கரையும்?

நண்பர்களே! "அப்பாவுக்குக் கல்லீரலில் கொழுப்பாம். மாத்திரை சாப்பிடுகிறார், கவலைப்படாதே" என்று ஊரிலிருந்து செய்தி வரலாம். தொலைவில் இருக்கும் நாம் அதைக் கேட்டு ஆறுதலடைந்துவிடுகிறோம். அப்படி விட்டுவிடாமல், "பத்தியம் என்ன?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.